இருபது தலை

சரசுவதி பூசைக்கு மறுநாள், பொழுது சாய்கிற நேரத்தில் கரட்டுப்புதூர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் கூடியது. வெங்கடாசலம் வாத்தியார், கூலிக்காரர்கள் குடியிருக்கிற வளவுக்குள் வாசல் வாசலாக நின்று கூப்பிட்டிருந்தார். காட்டு வேலை முடித்து வந்தவர்கள் கை காலில் ஒட்டிய செம்மண்ணைக்கூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் பாதிப் பேருக்குக் கண் சொக்கியது. காலையிலிருந்து குனிந்தே கிடந்த முதுகுக்கு ஒரு சுவர் கிடைத்தால் வேறென்ன வரும்?

சென்றாயன் தெற்குச் சுவரில் சாய்ந்துகொண்டான். அந்தச் சுவருக்கு மண் மிதித்தவன் அவன்தான். வெண்ணந்தூர்ப் பக்கமிருந்து வாத்தியார் முதன்முதலாக வந்து, வளவுப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று நின்றபோது, பண்ணைக்காரர் சென்னியப்பக் கவுண்டரின் அப்பா இந்த மூலைக் காட்டில் ஒரு துண்டைக் கொடுத்தார். பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் மட்டும் பனையோலைக் கூரையோடு நின்றுகொண்டிருந்தது.

வாத்தியார் சட்டைக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பள்ளிக்கூடத்து நெலவரம் என்னன்னு உங்களுக்குச் சொல்லோணுமில்லையா, அதுக்குத்தான் கூப்பிட்டேன். இந்த வருசம் கூரை மாத்தியாச்சு. ஒழுகற எடம் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. குடிக்கற தண்ணிக்குப் புதுப்பானை வாங்கியாச்சு. மத்தியானம் கேவுரு கூழு ஊத்தறோம். கூழுக்கு மட்டும் வந்துட்டுப் போறவங்களும் இருக்கறாங்க, அவங்களையும் நான் வெரட்டறதில்லை."

"அது எங்கூட்டுப் பையந்தானுங்க," என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

"பொட்டப்புள்ளைக போன வருசம் ஒண்ணு. இந்த வருசம் நாலு. எல்லாஞ் சேத்து இப்ப இருவத்தேழு..."

"அய்யய்யோ, எண்ணாதீங்க சாமி!"

காளியாத்தாள் முன்வரிசையிலிருந்து கையை நீட்டித் தடுத்தாள். சென்றாயனின் குடிசைக்கு எதிர்ச்சாளைக்காரி அவள். மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவள்.

"ஆட்டுக்குட்டியவே எண்ண மாட்டம். கொழந்தைகளப் போயி நாலு பேரு முன்னால எண்ணறீங்களே, கண்ணு பட்டுப் போயிருமே!"

வாத்தியார் சிரித்தார். "சரி ஆத்தா, எண்ணலை. ஆனா எண்ணறவரு ஒருத்தர் வர்றாரே, என்ன பண்ணட்டும்? அடுத்த வியாழக்கெழமை இன்ஸ்பெக்டர் வர்றார். அவரு வர்றப்ப இந்தத் தரையில இருவது தலையாச்சும் உக்காந்திருக்கோணும். ஒண்ணு கொறைஞ்சாலும் மானியம் நின்னு போயிரும். மானியம் நின்னா நானும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. கடலக்காப் புடுங்கற சமயம்னு எனக்குத் தெரியும். மத்த நாள் எங்க வேணும்னாலும் கூட்டிக்கிட்டுப் போங்க. அந்த ஒரு காலை மட்டும் புள்ளைகளை எனக்குக் குடுங்க."

சரி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கலைந்து போகும்போது வாத்தியார் சென்றாயனை நிறுத்தினார்.

"பொன்னாயி நாலாவது புஸ்தகத்தை முடிச்சுட்டாளப்பா. இன்னொரு வருசம். அஞ்சு முடிச்சான்னா சேலத்துல பொட்டப்புள்ளைக தங்கிப் படிக்கற எடம் இருக்குது. சோறும் துணியும் அவங்களே குடுத்துருவாங்க. படிச்சு முடிச்சா டீச்சர். நான் எழுதிப் போடறேன்."

"அங்க காட்டு வேலை குடுப்பாங்களாங்க?"

"காட்டு வேலையா? புஸ்தகத்தைத் தவிர வேற ஒண்ணையும் தொட உட மாட்டாங்க."

சென்றாயன் வீடு போகிறவரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தான். அவன் மகள் ஒரு கட்டிடத்துக்குள் உட்கார்ந்து, யாரோ கொடுத்த சோற்றைத் தின்று, மண்ணைத் தொடாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஆனால் நினைக்க நினைக்கக் கால் வலி தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலை சென்னியப்பக் கவுண்டர் களத்து மேட்டில் நின்று வடகிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொல்லிமலைப் பக்கம் மழைக் கருக்கல் கட்டியிருந்தது.

"மானத்தப் பாத்தியாடா?"

"பாத்தனுங்க பண்ணாடி."

"பாத்து என்ன பண்ணறே? ரண்டு மழை சேந்தாப்பல ஊத்துச்சுன்னா அத்தனை காயும் மண்ணுக்குள்ளயே மொளைச்சுப் போயிரும். நாளையிலிருந்து உன்ற புள்ளையும் காட்டுக்கு வரோணும். சின்னக் கை, வெடுக்கு வெடுக்குன்னு ஆயும்."

"அது பள்ளிக்கோடம் போவுதுங்க..."

"போவட்டுமே. கல்லக்கா முடிஞ்சு போவட்டும். பள்ளிக்கோடம் எங்கியாச்சும் ஓடியா போயிரும்?"

"வியாழக்கெழம ஒரு பொழுது மட்டும் உட்டீங்கன்னா..."

கவுண்டர் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்படுகிற அளவுக்கு அது ஒரு பேச்சாக அவருக்குப் படவில்லை.

"ஒரு பொழுதுன்னா ஒரு பொழுது மழைதான்டா. புள்ள வரலீன்னா நீயும் வர வேண்டாம். சாளை என்ற மண்ணுல நிக்குதுங்கறதை ஞாபகம் வெச்சுக்க."

வளவில் மற்றவர்கள் கூலிக்காரர்கள். நாளுக்கு ஒரு காடு, ஆளுக்கு ஒரு பேச்சு. ஒரு காலை பிள்ளையை நிறுத்திக்கொள்ள அவர்களால் முடியும். சென்றாயன் வருசத்துக்குக் கட்டுப்பட்ட பண்ணையாள். அவனுக்கு மறுக்க வாய் கிடையாது.

அன்று பொழுது சாய, அவன் பெண்சாதி சின்னாயி களி கிண்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினாள். களி கெட்டிப்பட்டு வந்த சமயத்தில் சட்டென்று நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"மாமா, வாசல்ல வேப்பலை கட்டிப்போட்டா?"

"என்னத்துக்கு?"

"அம்மை வாத்திருக்குதுன்னு சொல்லிப்போட்டா, கவுண்டரு நம்ம புள்ளைய அவரு காட்டுப் பக்கமே சேக்க மாட்டாரு. வியாழக்கெழம வெடியால இலைய அவுத்துப் போட்டு, பின்னால பொடக்காளி வழியா புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயி உக்கார வெச்சரலாம்."

"ஆத்தா பேருல பொய்யி சொல்றதா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"ஆத்தாளும் பொம்பளதான? பொட்டப்புள்ள பொழைக்கட்டும்னு ஒரு பொய்யி சொன்னா கோவிச்சுக்க மாட்டா. தை பொறந்ததும் பொங்க வெச்சு, நாந்தான் சொன்னேன்னு உழுந்து கும்புட்டுக்கறேன். என்ற மேல போவட்டும்."

பொன்னாயி மூலையில் சிலேட்டை மடியில் வைத்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சென்றாயன் களியை உருட்டினான். உருட்டினதை அப்படியே வைத்தான். எழுந்து போய், மாடு கட்டுகிற தொண்டுப்பட்டியோரம் நின்ற வேம்பில் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வந்தான்.

காலையில் அவன் சேதி சொன்னதும் கவுண்டர் பத்தடி பின்னால் போனார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீ ஊட்டுக்குள்ள போனியாடா?"

"இல்லீங்க. வாசல்லயே நின்னு கேட்டுட்டு வந்தனுங்க."

"அப்ப வளவுக்குப் போவாதே. முடியற வரைக்கும் காட்டுப் பட்டியிலயே கெட. சோறு அங்க வரும்."

இதை அவனும் நினைக்கவில்லை, சின்னாயியும் நினைக்கவில்லை. ஆனாலும் பிள்ளை தப்பித்தாள் என்ற நிம்மதியில் அவன் காட்டுக்குள் இறங்கினான்.

கடலைக்காய் பிடுங்குவது உடம்பை இரண்டாக மடிக்கிற வேலை. ஈரம் சரியாக இருந்தால் செடி கொத்தோடு வரும். கொஞ்சம் காய்ந்திருந்தாலும் காய் மண்ணுக்குள் தங்கிவிடும், அப்புறம் விரலை விட்டுத் துழாவ வேண்டும். நகக்கண்ணில் மண் ஏறி, இரவில் விரல்கள் துடித்தன. கவுண்டர் வீட்டுப் பண்ணாடிச்சி கம்மஞ்சோற்றை உருட்டிக்கொண்டு வந்து, எட்ட நின்று அவன் கையில் போட்டாள்.

"புள்ளைக்கு எப்படியிருக்குது?"

"தேவலீங்க."

"முத்து நெறையாப் போட்டிருக்குதா?"

"கொஞ்சந்தானுங்க."

ஒரு பொய்யைச் சொன்னவன் அதற்கு நாள்தோறும் சோறு போட வேண்டியிருந்தது. வளவுப் பக்கமிருந்து யாரும் காட்டுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவன் யோசிக்கவுமில்லை. வியாழக்கிழமை மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது. சேலத்தில் அந்தக் கட்டிடத்துக்கு வாசல் எந்தப் பக்கம் இருக்கும் என்று செடியைப் பிடுங்கிக்கொண்டே யோசித்தான்.

வியாழக்கிழமை பொழுது கிளம்ப, வெளிக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டுக் கரட்டடி வழியாக வளவுக்கு ஓடினான். முனை திரும்பியதும் கால் நின்றுவிட்டது.

ஒவ்வொரு சாளை வாசலிலும் வேப்பிலை தொங்கியது. நடுவில் தாளித்த வாசம் இல்லை, உலக்கைச் சத்தம் இல்லை. பிள்ளைகளை உள்ளே போட்டுப் படலைச் சாத்தியிருந்தார்கள். தெரு மஞ்சத் தண்ணீர் தெளித்து ஈரமாகக் கிடந்தது.

சின்னாயி அவனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நாம கட்டுன அன்னிக்கே, ஆத்தா அவ ஊட்டுக்கும் வந்துரக் கூடாதுன்னு காளியாத்தாளும் கட்டிப்போட்டா. அவளப் பாத்து எல்லாரும் கட்டிப்போட்டாங்க. ஒருத்தரும் புள்ளைகள வெளிய உடறதில்ல. தெனமும் கூழு கொண்டாந்து நம்ம வாசல்ல வெச்சுட்டுக் கும்புட்டுட்டுப் போறாங்க மாமா. நானு எப்படிச் சொல்லுவேன்?"

"அட கெரகமே! வாத்தியாரு வல்லியா?"

"வந்தாரு. தெருமுனையிலயே நின்னு ஒவ்வொரு ஊட்டுக்கும் சத்தம் போட்டுக் கெஞ்சுனாரு. காளியாத்தா அவரத் திட்டி முடுக்கி உட்டுட்டா."

சென்றாயன் வாசலுக்கு வந்து கொத்தைப் பிய்த்து எறிந்தான். தெருவுக்கு நடுவில் நின்று கத்தினான்.

"அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல! நாந்தான் பொய்யி சொன்னேன்! புள்ளைகளப் பள்ளிக்கோடத்துக்கு அனுப்புங்க!"

எதிர்ப்படல் திறந்தது. காளியாத்தாளின் கண் அவன் முகத்தில் இல்லை, தரையில் கிடந்த வேப்பிலையில் இருந்தது.

"அடப்பாவி! ஆத்தா உள்ள குந்தியிருக்கறப்ப எலையப் புடுங்கிப் போடறயே! உனக்குக் கை வெளங்குமா?"

"இல்லக்கா, நெசமாலுமே..."

"வாய மூடு! அந்த வாத்தியாரு அத்தனை பேரு முன்னால கொழந்தைகள எண்ணுனதுலதான ஆத்தா எறங்குனா? இப்ப அவனுக்குத் தலை கொறையுதுன்னு நீ எங்க புள்ளைகளையும் கேக்கறயா?"

அவள் வந்து குனிந்து, இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கண்ணில் ஒற்றி, திரும்பவும் அவன் வாசலிலேயே செருகினாள். அவளிடம் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது.

சென்றாயன் உள்ளே போய்ப் பொன்னாயியின் கையைப் பிடித்தான். இவள் ஒருத்தியாவது இருக்கட்டும். இவளைப் பார்த்தால் வாத்தியாருக்காவது விளங்கும்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சும்மா இருக்கவில்லை. மேற்கால வளவிலும் ஓடைக்கு அப்பாலும் போய், காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். தரை நிறையவில்லை, ஆனால் வெறுமையாகவும் இல்லை. இருபதுக்கு ஒன்றிரண்டுதான் குறைவு. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பையனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். வயதானவர், முகம் கடுமையாக இல்லை. அறுப்புச் சமயம்தானே, இன்னும் சித்தெ நேரம் பார்க்கலாம் என்று வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் சென்றாயன் பொன்னாயியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

பொன்னாயிக்கு அம்மை என்ற சேதி சுற்றுவட்டம் முழுக்கப் போயிருந்தது. முதலில் ஒரு பெண் பிள்ளைதான் பார்த்தாள்.

"அய்யோ! அம்மை போட்ட புள்ள!"

அவ்வளவுதான். சிலேட்டுகள் தரையில் விழுந்தன. ஒருவர் மேல் ஒருவராக ஏறி, பின்பக்கத்துப் படலைத் தள்ளிக்கொண்டு, பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். கூழுப்பானை கவிழ்ந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே வாத்தியாரும் இன்ஸ்பெக்டரும் தரையில் ஓடிய கூழும் மட்டும்தான்.

"சென்றாயா! புள்ளையை எதுக்கப்பா எழுப்பிக்கிட்டு வந்தே?"

"அம்மை இல்லீங்க சாமி! வாத்தியாரே, சத்தியமா இல்லீங்க! பாருங்க, ஒடம்பைப் பாருங்க!"

அவன் பிள்ளையின் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினான். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு சுவரோரமாகவே வெளியே போனார். வண்டியில் ஏறியபின், ஊரில் அம்மை இருக்கிறவரை பள்ளியைத் திறக்க வேண்டாம் என்றும், பிள்ளை வராத பள்ளிக்கு மேலே எழுதித் தன்னால் ஒன்றும் வாங்கித்தர முடியாது என்றும் அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார். மாடு நடந்துவிட்டது.

பொன்னாயி தன் இடத்தில், தெற்குச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்திருந்தாள்.

வந்த அம்மையைத் தண்ணீர் வார்த்து அனுப்பாமல் வளவில் யாரும் அடுப்பில் தாளிக்க முடியாது. சின்னாயியைக் கிணற்றுப் பக்கமும் விடமாட்டார்கள். ஆகவே வராத அம்மைக்கும் தண்ணீர் வார்க்க வேண்டியிருந்தது. பெண்கள் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தார்கள். பொன்னாயியை மணையில் உட்காரவைத்து, காளியாத்தாளே முதல் சொம்பை ஊற்றினாள். குலவை போட்டார்கள். ஈரத்தோடு நின்ற பிள்ளையின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"ஒரு தழும்பு இருக்குதா பாருங்க! ஆத்தா பூவாட்டம் எறங்கிப் பூவாட்டம் போயிருக்கறா!"

"எங்கொழந்தைக்கு உன்ற கையால திண்ணூறு பூசி உடு சாமி!"

ஒவ்வொருத்தியாகக் குனிந்தாள். பொன்னாயி பூசினாள். முதலில் அப்பாவைப் பார்த்துப் பார்த்துப் பூசினாள். பிறகு பார்க்காமலே பூசினாள். சென்றாயன் ஓரமாக நின்றான்.

அன்று சின்னாயி தலையைத் துவட்டிவிடும்போது பொன்னாயி கேட்டாள்:

"அம்மா, எனக்கு அம்மை வந்துச்சா?"

சின்னாயி துவட்டுவதை நிறுத்தவில்லை.

"ஆமா சாமி. வந்துட்டுப் போயிருச்சு."

கார்த்திகையில் வாத்தியார் புறப்பட்டார். அவருடைய தகரப்பெட்டியைச் சென்றாயன் தலையில் வைத்துக்கொண்டு ராசிபுரம் ரோடு வரைக்கும் போனான். பாதி வழியில் பெட்டியை ஒரு கல்லின் மேல் இறக்கிவைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். கவுண்டர் சொன்னது, சின்னாயி சொன்னது, தான் ஒடித்த கொத்து. வாத்தியார் கேட்டுக்கொண்டே நின்றார்.

"எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா. கவுண்டர்கிட்ட நான் பேசியிருப்பேனே."

"நீங்க பேசுனா அவரு கேட்டிருப்பாருங்களா?"

வாத்தியார் யோசித்தார்.

"கேட்டிருக்க மாட்டார்தான்."

அந்த வழியாக ஒரு பார வண்டி போயிற்று. புழுதி அடங்கட்டும் என்று இரண்டு பேரும் நின்றார்கள்.

"சேலத்துல அந்தப் புள்ளைக தங்கற எடமுங்க..."

"அஞ்சு முடிக்காம அங்க சேக்க மாட்டாங்கப்பா."

"அப்படிங்களா."

சென்றாயன் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான்.

மழை கடைசியில் பெரிதாக வரவில்லை. கடலைக்காய் நன்றாகவே வந்தது. கவுண்டர் வீட்டுத் தாழ்வாரம் கொள்ளாமல் போனதால் மூலைக்காட்டுப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. மண் அவருடையது, கூரை புதுசு. மூட்டைகளை அங்கே இறக்கினார்கள். மார்கழியில் வியாபாரிக்குப் பருப்பாக உடைத்துக் கொடுப்பது என்று பேச்சு. ஓடு உடைக்கச் சின்னக் கைகள்தான் தோது என்று வளவுப் பிள்ளைகளை வரச்சொன்னார். அம்மை போய்விட்டது. யாருக்கும் பயமில்லை. காளியாத்தாள் தன் மூன்று பிள்ளைகளையும் தானே கொண்டுவந்து விட்டாள்.

அன்று காலை சென்றாயன் முதுகில் மூட்டையோடு குனிந்து உள்ளே நுழைந்தான். பிள்ளைகள் கடலைக்காய்க் குவியலைச் சுற்றி உட்கார வேண்டியவர்கள், பழக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சின்னதுகள் முன்னால், பெரியதுகள் பின்னால். ஓடு உடைகிற சத்தம் மழை பெய்கிற மாதிரி விடாமல் கேட்டது. பொன்னாயி தெற்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் நிமிரவில்லை. விரல்கள் வேகமாக ஓடிக்கொண்டிருந்தன.

வெளியே கூலிக்குத் தானியம் அளக்கிற படியோடு நின்ற கவுண்டர் குரல் கொடுத்தார்.

"உள்ள எத்தனை உருப்படிடா இருக்குது? எண்ணிச் சொல்லு!"

சென்றாயன் மூட்டையை இறக்காமலே வரிசை வரிசையாகப் பார்த்தான். வாய் திறந்து எண்ணவில்லை. கண்தான் ஒவ்வொரு தலையாகப் போய், மகளிடம் வந்து நின்றது.

"இருவதுக்குக் கொறையாதுங்க பண்ணாடி," என்றான்.

மூட்டையை இறக்கிவிட்டு, அடுத்த மூட்டைக்கு வெளியே போனான்.